மறுமுனையில் இருப்பவர் மனிதரா?

கீமோதெரபி முடிந்த ஒன்பதாம் நாள் இரவு, நோயாளி ஒருவருக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. அவருடைய மகள் கைப்பேசியில் இருந்த ஒரு மருத்துவச் செயலியின் உதவிப் பகுதியில் விவரத்தை எழுதினார். "உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. நீர் நிறைய அருந்தச் செய்யுங்கள். வியாழக்கிழமை மருத்துவரைக் காணலாம்" என்று நொடிப்பொழுதில் மறுமொழி வந்தது. எழுதியவர் ஒரு செவிலியர் என்றே மகள் நம்பினார். மறுநாள் காலை எங்களிடம் வந்தபோது நோயாளியின் இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. அவர் நலமடைந்தார்; எனினும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருக்க நேர்ந்தது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலே அவசர நிலை. அதற்கு விடியும்வரை காத்திருத்தல் ஆகாது.

அந்த மகளை நாங்கள் குறை கூறவில்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலைசா' என்னும் உரையாடல் நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர் போல, சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பது அதன் வேலை. அவர் அதை உருவாக்கியதை உடனிருந்து கண்ட அவருடைய செயலாளரே, சற்று நேரம் உரையாடியதும், தனிமை வேண்டி அவரை அறையை விட்டு வெளியேறச் சொன்னாராம். அறிந்தவருக்கே அந்நிலை என்றால், நள்ளிரவில் கலங்கி நிற்பவர் என்ன செய்வார்?

இன்றைய செயற்கை நுண்ணறிவு எலைசாவினும் பன்மடங்கு தேர்ந்தது. குரலைக் கொண்டோ பிழையற்ற நடையைக் கொண்டோ அதை உறுதியாக இனங்காண இயலாது. ஆயினும் சில குறிப்புகள் உதவும். நீண்ட பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறதா? காய்ச்சலையும் கை வீக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறதா? கோபமாகக் கேட்டாலும் அதே இனிமை, அதே சொற்றொடரா? (எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் மனிதப் பணியாளரும் சில வேளைகளில் இப்படித்தான் ஒலிப்பார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

எங்கள் அனுபவத்தில் இவற்றினும் முக்கியமான குறிப்பு ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர் முதலில் ஆறுதல் சொல்வதில்லை; கேள்வி கேட்பார். எத்தனை டிகிரி? கடைசி மருந்து என்று ஏற்றினார்கள்? சிறுநீர் கழிந்ததா? மூச்சு வாங்குகிறதா? ஒன்றையும் வினவாமல் தேற்றும் மறுமொழியை, அது மனிதர் எழுதியதாகவே இருப்பினும், நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஐயம் எழுந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "நான் பேசுவது மனிதரிடமா? உங்கள் பெயர், பிரிவு என்ன? பணியிலுள்ள செவிலியரிடம் இணைக்க முடியுமா?" இதில் நாணம் வேண்டா. பெயர் மட்டும் போதாது. இயந்திரமும் ஒரு பெயரைச் சொல்லக்கூடும். மனிதரிடம் மாற்றித் தருகிறதா என்பதே தேர்வு. மாற்றாவிடில் உரையாடலை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவமனையை அழையுங்கள்.

பணம் தொடர்பான பதில்களிலும் கவனம் தேவை. கனடாவின் ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் நிரல், இறப்புக்காகப் பயணம் செய்தவர் ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அந்நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று நிறுவனம் வாதிட்டது. 2024-இல் அங்குள்ள தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்காமல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அந்தப் பயணி உரையாடலின் படத்தைச் சேமித்து வைத்திருந்தார். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாக உதவிப் பகுதி சொன்னால், நீங்களும் அதைப் படமெடுத்து வைத்து, எங்கள் காப்பீட்டுப் பிரிவில் நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்பதிவு நேரம், ஆய்வக அறிக்கை ஆயத்தமா என்பன போன்றவற்றை இயந்திரத்திடம் தாராளமாகக் கேட்கலாம். மார்வலி, மூச்சுத்திணறல், நினைவு தடுமாறல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றை எந்த உரையாடல் பெட்டியிலும் எழுத வேண்டா, 108-ஐ அழையுங்கள். கீமோதெரபி பெறுவோருக்குக் காய்ச்சல் கண்டால், டிஸ்சார்ஜ் அறிக்கையின் முதல் பக்கத்தில் உள்ள வார்டு எண்ணுக்கு அழையுங்கள். அவ்வெண்ணை இன்றே பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் அனைவரும் காணுமிடத்தில் ஒட்டி வையுங்கள்.