ஒன்பதாவது ஆள்

சின்ன வயதில் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடியவர்களுக்கு 'ஒப்புக்குச் சப்பாணி'யைத் தெரியாமல் இருக்காது. பெரிய பிள்ளைகளின் ஆட்டத்தில் நாமும் சேர வேண்டுமென்று அழுது அடம் பிடிப்போம். "பாவம், குழந்தையையும் சேர்த்துக்கோங்கடா!" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். சேர்த்துக்கொள்வார்கள். ஆனால், யாரும் நம்மைத் துரத்த மாட்டார்கள். நாம் யாரைத் தொட்டாலும் அது கணக்கில் வராது. ஆட்டத்தில் இருக்கிறோம், ஆனால் இல்லை!

அந்த வேதனை ஏழு வயதோடு தீர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பெரியம்மா மகளிடம் சென்ற வருஷம் ஒரு மாலை பேசிக்கொண்டிருக்கும் வரையில்.

அக்காவுக்கு ஐம்பது வயது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, பையன் வெளியூரில் வேலை. அவளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. அவர் காலமான பிறகு எதிரே உட்கார ஆளில்லாமல், காய்ப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததே, நினைவிருக்கிறதா? அந்த இரண்டு வாரமும் அக்கா தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. ஹரிகா நிறைகர்ப்பிணியாக வந்து ஆடியதையும், நம் சென்னைப் பெண் வைஷாலி ஆடியதையும், இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றதையும் பார்த்துவிட்டுப் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினாளாம்!

எதிரே உட்காரத்தான் ஆள் வேண்டுமே? இப்போது கைபேசியிலேயே ஆள் கிடைக்கிறது. சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் பெண்களுக்காக ஒரு சதுரங்கக் குழு வைத்திருக்கிறார். தினம் இரவு ஒன்பது மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தபடியே ஆட்டம். ஒரு சிநேகிதி மூலம் அக்காவும் அதில் சேர்ந்தாள்.

சேர்ந்தாளே தவிர, ஆடவில்லை!

"ஒன்பது மணிக்குச் சமையல்கட்டை ஒழித்துவிட்டு வந்து உட்காருவேன். 'வணக்கம்' என்று எழுதிப் போடுவேன். பதில் வராது. யாரையாவது ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், அவர் ஏற்கெனவே வேறொருவரோடு ஆடிக்கொண்டிருப்பார். ஒருவருக்கொருவர் 'சபாஷ்' சொல்லிக்கொள்வார்கள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆறு வாரம்!" என்றாள் அக்கா.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. மார்கழித் திருவாதிரைக்கு எல்லோரும் சிதம்பரத்தில் கூடி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக ஆடினார்களாம். அக்காவுக்கு அது தெரிந்தது மறுநாள் வந்த புகைப்படத்திலிருந்து!

"போகட்டும், விளையாட்டுத்தானே!" என்று சிரித்தாள். சிரித்த முகத்தில் கண் மட்டும் சிரிக்கவில்லை. காய்ப் பெட்டி மறுபடி பரணுக்குப் போகத் தயாராக மேஜை ஓரத்தில் இருந்தது.

'விளையாட்டுத்தானே' என்று நாமும் சொல்லிவிடலாம். ஆனால் மனோதத்துவ நிபுணர்கள் அப்படிச் சொல்லவில்லை.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்று ஒரு பேராசிரியர். ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது எங்கிருந்தோ ஒரு தட்டு வந்து அவர் மீது விழுந்தது. முன்பின் தெரியாத இருவர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்த தட்டு அது. எடுத்து எறிந்தார், அவர்களும் இவருக்கே திருப்பி எறிந்தார்கள். சற்று நேரம் மூவருமாக ஆடினார்கள். திடீரென்று அந்த இருவரும் இவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் ஆட ஆரம்பித்தார்கள். பேராசிரியருக்கு மனம் சுருக்கென்றது. யாரோ எவரோ! இதற்கு ஏன் இவ்வளவு வலி?

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது ஒரு சோதனை. கம்ப்யூட்டர் திரையில் பந்து எறியும் ஆட்டம். முதலில் நமக்கும் பந்து வரும், பிறகு வராது. அவ்வளவுதான். 2000-இல் வெளியான ஆராய்ச்சியில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இணையம் வழியாக இதை ஆடினார்கள். பந்து வராதவர்களின் மனம் வாடியது. 2003-இல் இதே ஆட்டத்தை ஆட வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். உடம்பில் வலி ஏற்படும்போது வேலை செய்யும் பகுதி ஒன்று அப்போதும் விழித்துக்கொண்டதாம்! இன்னும் வேடிக்கை, 2004-இல் நடந்த சோதனை. "உனக்குப் பந்து போடாதது மனிதர்களல்ல, வெறும் இயந்திரம்" என்று முன்கூட்டியே சொன்ன பிறகும் வலித்ததாம்.

ஆகவே, வாசக சகோதரிகளே, இப்படி ஒரு வருத்தம் உங்களுக்கு வந்தால் "எனக்கு என்ன பைத்தியமா?" என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். வலிப்பது இயற்கை. அந்த வலியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

அதற்கு முதலில், நம்மை ஒதுக்கியது சட்டமா, பழக்கமா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

சதுரங்கத்திலேயே சட்டம் பேசி ஒதுக்கப் பார்த்த கதை உண்டு. பம்பாய் காடில்கர் சகோதரிகளில் ஒருவரான ரோகிணி, 1976-இல் தம் 13-ஆவது வயதில் ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆடப் புகுந்தார். 'பெண் எப்படி ஆடலாம்?' என்று பெரிய அமளி! விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த மாக்ஸ் யூவே, பெண்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதே ரோகிணி 1981-இல் ஆசியப் பெண்கள் சாம்பியனாக வந்தார். அப்படிப்பட்ட இடத்தில் போராடத்தான் வேண்டும்.

ஆனால் அக்காவின் குழுவில் அவள் ஆடக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லையே? "நேரில் போய்க் கேட்டுவிடுவோமே!" என்றேன்.

"கெஞ்சுவதற்கா?"

"இல்லை, கேட்பதற்கு."

அரை மனதுடன் புறப்பட்டாள். ஆசிரியைக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் என்று ஊர்கள் கடந்தன. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, "திரும்பிவிடலாமா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஆசிரியையின் வீடு. "வாங்க, வாங்க!" என்று வரவேற்று, இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சுவும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்: "டீச்சர், குறை சொல்ல வரவில்லை. எனக்கும் ஆட ஆசை. ஆறு வாரமாக ஒரு ஆட்டம்கூட அமையவில்லை. திருவாதிரைக்குக் கூடினதும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மனசு கஷ்டமாக இருந்தது."

டீச்சரின் முகம் மாறிவிட்டது.

"அடடா! நாங்க எட்டுப் பேரும்மா. நாலு பலகை. யார் யாரோட ஆடறதுன்னு வருஷக் கணக்கா பழகிப் போச்சு. நீங்க பார்க்கத்தான் வர்றீங்கன்னு நான் நினைச்சுட்டேன். நல்லா ஆடறவங்க, நம்மளோட ஆட இஷ்டமில்லையோன்னு ஒருத்தி சொன்னா. ஒன்பதாவது ஆள் காத்துக்கிட்டிருக்கிறது தெரியலையே! தப்பு என் பேர்லதான்."

கவனித்தீர்களா? இந்தப் பக்கம், 'என்னை வேண்டாமென்கிறார்கள்' என்ற எண்ணம். அந்தப் பக்கம், 'நம்மை வேண்டாமென்கிறாள்' என்ற எண்ணம். நடுவில் ஆறு வாரம் வீணாகிவிட்டது!

"ஆனாலும் டீச்சர், ஒன்பது பேர் என்றால் ஒருவர் சும்மாதானே இருக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

கணக்கு ஆசிரியையிடம் கணக்குக் கேட்டால் சும்மா விடுவாரா? உள்ளே போய்ப் புளியங்கொட்டைகள் கொண்டுவந்தார். தரையில் சுண்ணக்கட்டியால் பத்துக் கட்டம் போட்டார். இந்த வரிசையில் ஐந்து, எதிர் வரிசையில் ஐந்து. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு மற்றவற்றில் ஒன்பது கொட்டைகளை வைத்தார்.

"எதிரெதிரே இருக்கிறவங்க இன்னிக்கு ஆடணும். காலிக் கட்டத்துக்கு எதிரே இருக்கிறவங்களுக்கு ஓய்வு. நாளைக்குக் காலிக் கட்டம் அங்கேயே இருக்கும். மற்ற ஒன்பது பேரும் சுற்றி ஒரு இடம் நகரணும். ஒன்பது ராத்திரி, 36 ஆட்டம். எல்லாரும் எல்லாரோடயும் ஒரு தடவை ஆடியிருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் சரியா ஒரே ஒரு நாள் ஓய்வு!"

கொட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். கணக்குத் தப்பவில்லை. யாராவது ஒருவர் வெளியே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் அது எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லையே!

எனக்கு இது சதுரங்கத்துக்கு மட்டும் சொன்னதாகத் தோன்றவில்லை. மாதர் சங்கமோ, பஜனை கோஷ்டியோ, நாலு மருமகள்கள் கூடும் கல்யாண வீடோ, எங்கும் இதே கதைதான். நெடுநாள் பழகியவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்தவருக்குத் தெரிவது அவர்களுடைய முதுகுதான். உள்ளே இருப்பவர்கள் வாரத்துக்கொரு தரம் தலையை எண்ணிப் பார்க்கட்டும். வெளியே நிற்பவர்கள் ஒரு தரம், ஒரே ஒரு தரமாவது, வாய் விட்டுக் கேட்கட்டும். எல்லோர் முன்னிலும் சண்டையாக அல்ல, பொறுப்பில் இருப்பவரிடம் தனியாக, "எனக்கும் ஒரு முறை உண்டா?" என்று.

கேட்டும் கதவு திறக்கவில்லையானால்? அது உங்கள் இடமல்ல. வருத்தப்படாமல் வேறு வாசல் பாருங்கள். டீச்சர் குழுவிலும் எல்லாம் தேனும் பாலுமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓர் அம்மாள் இன்னமும் அக்காவோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. முறை வந்தால் ஆடுகிறார், முடிந்ததும் போய்விடுகிறார். "பரவாயில்லை, நன்றாக ஆடுகிறார்!" என்கிறாள் அக்கா.

போன வாரம் இரவு ஒன்பதேகாலுக்கு அவளைக் கைபேசியில் கூப்பிட்டேன். உடனே எடுத்துவிட்டாள்.

"என்ன அக்கா, ஆட்டம் இல்லையா?" என்று பதறிப் போய்க் கேட்டேன்.

"இன்றைக்கு எனக்கு ஓய்வு முறை. நாளைக்கு டீச்சரோடு!" என்றாள்.

அந்தக் குரலில் வருத்தம் துளியும் இல்லை.