சப்போட்டாவின் காலடியில் பாலை

நர்சரியில் வாங்கி நட்ட சப்போட்டாக் கன்று. மழை பெய்து ஓய்ந்ததும் அதன் அடித்தண்டிலிருந்து ஒரு தளிர் விறுவிறுவென்று மேலே கிளம்புகிறது. "மரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது" என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நீங்கள் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அந்தத் தளிரிலிருந்து ஓர் இலை, மேல் கிளையிலிருந்து ஓர் இலை, இரண்டையும் பறித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல் இலை நுனியில் கூம்பியிருக்கும். கீழ்த் தளிரின் இலையோ நுனியில் சற்றே உள்வாங்கியிருக்கும். யாரோ நகத்தால் கிள்ளியதுபோல.

அது சப்போட்டா இலையே இல்லை. பாலை மரத்தின் இலை!

நம் ஊரில் சப்போட்டாவைப் பெரும்பாலும் பாலைக் கன்றின்மேல்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். சப்போட்டாவின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பாலையோ நம் வறண்ட காடுகளின் மரம். மெதுவாக வளரும், ஆனால் கெட்டியானது. இலங்கையில் வன்னிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். உதட்டில் பால் ஒட்ட ஒட்ட அவர்கள் தின்னும் சின்ன மஞ்சள் பழம் இந்த மரத்துடையதுதான். சப்போட்டா, பாலை, இலுப்பை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் பாலையின் தண்டும் சப்போட்டாவின் குச்சியும் ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றன. வேர் உறிஞ்சும் நீர் மேலே போகிறது, இலை சமைக்கும் சர்க்கரை கீழே வருகிறது. ஆனால் செல்கள் கலப்பதில்லை. ஒட்டுக்கு மேலே எல்லாம் சப்போட்டா, கீழே எல்லாம் பாலை. கீழிருந்து முளைப்பது பாலையாகத்தானே இருக்கும்?

"விட்டுவைத்தால் இரண்டு பழமும் கிடைக்குமே!" என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் வேருக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அந்தத் தளிர்; வேரும் அதனுடைய சொந்த வேர். நீரையும் சத்தையும் அது இழுத்துக்கொண்டே போனால் மேலே சப்போட்டா நலிந்துவிடும், பட்டும் போகலாம். பாலை காய்க்கவோ பல வருடங்கள் ஆகும். சப்போட்டாவும் போய், பாலைக்காகவும் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, இத்தனை நாள் அந்தத் தளிர் எங்கே இருந்தது? பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டாக இருந்தது. நுனித் தளிர் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை கீழ் மொட்டுகள் அடங்கியிருக்கும். 1933-இல் தீமன், ஸ்கூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அவரைச் செடிகளின் நுனியை வெட்டிப் பார்த்தார்கள். பக்க மொட்டுகள் விழித்துக்கொண்டன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்த செடிகளில் அவை அடங்கியே இருந்தன. ஆக்சினோடு சர்க்கரைக்கும் வேரிலிருந்து வரும் வேறு ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது. மரத்தை மேலே ஒட்ட வெட்டினாலோ, மண்வெட்டி அடித்தண்டில் பட்டாலோ, மேல்பகுதி நோயில் வாடினாலோ கீழே தளிர்கள் கூட்டமாக வருவது இதனால்தான்.

நீங்களே சோதிக்கலாம். இரண்டு தொட்டிகளில் தட்டைப்பயறு விதையுங்கள். ஒன்றில் மட்டும், முதல் ஜோடி இலைகளுக்கு மேலே நுனியைக் கிள்ளிவிடுங்கள். சில நாட்களில் அந்த இலைகளின் கக்கத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கிள்ளாத செடியோடு ஒப்பிட மறக்காதீர்கள். ஒப்பிடாவிட்டால் அது சோதனையே இல்லை.

தளிரை எடுக்கக் கத்தி தேடாதீர்கள். விரல் நீளம் இருக்கும்போதே கையால் கீழ்நோக்கி இழுத்தால் அடிமொட்டோடு பிய்ந்து வரும். கத்தியால் பாதியில் நறுக்கினால் மிச்சக் குச்சியின் அடியிலிருந்து இரண்டு மூன்றாகக் கிளைக்கும். முற்றிவிட்டதா? பெரியவர்களிடம் சொல்லி, தண்டோடு ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். களைக்கொல்லி மட்டும் கூடவே கூடாது. தளிருக்கும் மரத்துக்கும் ஒரே வேர். தளிருக்கு அடித்த மருந்து மரத்துக்கும் போய்விடலாம்.

ஒட்டு மாமரத்தில் இலைப் பரிசோதனை பலிக்காது. அங்கே வேரும் மாமரம், மேலேயும் மாமரம். தண்டின் கீழ்ப்பகுதியில் வடுவாகவோ புடைப்பாகவோ தெரியும் ஒட்டு இடத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே வந்த தளிர் என்றால் பிய்த்துவிடலாம்.

கறிவேப்பிலை விஷயம் முழுக்க வேறு. ஒட்டுக்கட்டாத மரம் அது. சுற்றிலும் தரையில் முளைக்கும் கன்றுகள் வேரிலிருந்து கிளம்பியவை. தாயின் அதே மணம், அதே குணம். இப்படி வேர்க்கன்றுகளாலேயே காடாகிப்போன மரமும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்ற ஆஸ்பென் மரம் சுமார் 43 ஹெக்டேரில் பரவி நிற்கிறது. ஏறத்தாழ 47,000 தண்டுகள் இருந்தாலும் எல்லாம் ஒரே மரம்தான்!

கறிவேப்பிலையின் வேர் காயப்பட்டால் கன்றுகள் இன்னும் அதிகமாக வரும். கூட்டம் வேண்டாம் என்றால் மரத்தடியைக் கொத்தாமல் விடுங்கள். வேண்டும் என்றால் மழைக்காலத்தில் கன்றைச் சுற்றி மண்ணை விலக்கி, அதற்கென்று சல்லிவேர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாய்வேரிலிருந்து வெட்டிப் பிரித்து, நிழலில் ஒரு தொட்டியில் நட்டு, பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுங்கள்.