இன்டீரியர்காரருக்கு என்ன பதில் சொல்வது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகவே சொல்கிறேன். புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்ததும் இன்டீரியர்காரர் முதலில் கேட்பது, “உங்களுக்கு என்ன ஸ்டைல் சார் பிடிக்கும்?” நாம் விழிப்போம். அவரே டேப்லெட்டை நீட்டுவார்: மாடர்ன், மினிமல், ஸ்காண்டிநேவியன், போஹோ. எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கல்.

ஸ்காண்டிநேவியனையே பார்ப்போம். வெள்ளைச் சுவர், வெளிர் மரம், சன்னலில் பெயருக்கு ஒரு திரை. ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பத்தான் அந்த வெள்ளை. அதையே சென்னையில் மேற்கு பார்த்த ஹாலில் அடித்துவிட்டு மே மாதம் மாலை நாலு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், கண் கூசும். செட்டிநாட்டு வீடு இதற்கு நேர்மாறு. வெயிலை நடு முற்றத்தோடு நிறுத்தி, சுற்றியுள்ள அறைகளை நிழலில் வைத்தார்கள். இரண்டுமே அந்தந்த ஊர் வெயிலைப் பார்த்துக் கட்டியவை. ஆகவே முதல் வேலை, உங்கள் சன்னலில் எப்போது, எவ்வளவு வெயில் விழுகிறது என்று பார்ப்பது.

அடுத்தது ஆட்கள். இரவு எட்டு மணிக்கு யார் எங்கே உட்காருகிறார்கள்? பல வீடுகளில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்திருப்பார்கள். சோபாவின் மேல் மடிக்காத துணி கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தாழ்வான திவான், பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், நாலு திண்டு போதும். கடையில் இதற்கு ‘எத்னிக்’ என்று பெயர் வைத்து விலையை ஏற்றுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

நிறத்துக்கு ஷேட் கார்டை மூடிவிட்டு பீரோவைத் திறங்கள். நீங்களே காசு கொடுத்து வாங்கிய புடவைகளிலும் சட்டைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு மூன்று நிறங்கள் இருக்கும். வருடக்கணக்கில் அலுக்காத நிறங்கள் அவை. ஆனால் அரக்குச் சிவப்பு பிடிக்கும் என்பதற்காக நாலு சுவருக்கும் அடித்துவிட வேண்டாம். மெத்தை உறையில், திரையில், ஒரு கதவில் வரட்டும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பின்னால் மாற்றுவது பெரும்பாடு என்பதால் மற்றதெல்லாம் அதை அனுசரித்துத்தான் போக வேண்டும். காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் இன்றும் கையால் பூவேலைத் தரைக்கல் வார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமென்ட் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளையில் சுடுவதில்லை. மேல்பரப்பின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. பிறகு நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு கூடும். அந்தப் பூவேலையைத் தரையில் போட்டால் சுவர் சும்மா இருக்க வேண்டும். தரையும் சுவரும் சேர்ந்து பேசினால் வீட்டில் உட்கார முடியாது. உங்களுடையது வெறும் வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் கவலை வேண்டாம், மேலே பாயும் ஜமக்காளமும் அழகாக எடுபடும்.

விளக்குக்கு ஒரே விஷயம்தான். எல்இடி பல்பு டப்பாவில் கெல்வின் என்று போட்டிருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் ஒளி, 6500 வெள்ளை ஒளி. சமைக்கவும் படிக்கவும் வெள்ளை சரி. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மஞ்சளே என் கட்சி. பெயிண்ட்டைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பகலிலும், இந்த விளக்கிலும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அதே நிறம் இரவில் வேறாகத் தெரியும்.

இன்டீரியர்காரர் அவசரப்படுத்துவார், ஆஃபர் இந்த வாரத்தோடு முடிகிறது என்பார். பாலைக் காய்ச்சிக் குடிபோய், பழைய சாமான்களோடு ஒரு மாதம் இருந்து பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.