உயிரணுவின் மதகு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுவிக் என்னும் பொறியாளர் முன்னின்று கட்டிய பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, இப்பள்ளத்தாக்கின் நெல்வயல்களைச் செழிக்கச் செய்கின்றது. வாய்க்காலின் கரை உடையுமாயின், முதலில் மதகை அடைப்பர். பின்னர்க் கரையைக் கட்டுவர். ஆயினும், கரை கட்டி முடிந்த அளவில் நீர் தானே பாய்ந்துவிடாது. அடைத்த மதகை ஒருவர் சென்று திறத்தல் வேண்டும். மனித உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு.

ஓர் உயிரணுவினுள் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழைகள் சுருண்டு கிடக்கின்றன. உடலை ஆக்கும் குறிப்புகள் யாவும் அவற்றில் அடங்கியுள்ளன. வயலில் உழைப்போர்மீது படும் வெயிலின் புறஊதாக் கதிரும், உயிரணுவினுள்ளேயே நிகழும் வேதிமாற்றங்களும் அவ்விழைகளை நாள்தோறும் பழுதாக்குகின்றன. பழுதோடு உயிரணு இரண்டாகப் பிரியுமாயின், அப்பழுது வழிவழியாகத் தொடரும். ஆதலின், ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். என்னும் புரதங்கள் பழுதினை அறிந்து செய்தி விடுக்கின்றன, பிரிவினை நிற்கின்றது, பழுது நீக்கும் புரதங்கள் பணியைத் தொடங்குகின்றன.

இத்தடை தற்செயலாக நிகழ்வதன்று என்பதை, ஹார்ட்வெல், வைனர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1988-இல் ஈஸ்டு உயிரணுக்களைக் கொண்டு மெய்ப்பித்தனர். ராட்9 என்னும் மரபணு குன்றிய ஈஸ்டுகள், பழுதுற்றபோதும் நில்லாமல் பிரிந்து மடிந்தன. உயிரணுப் பிரிவு பற்றிய ஆய்வுகளுக்காக ஹார்ட்வெல் 2001-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார்.

பழுது நீங்கியபின் தடை எவ்வாறு அகல்கின்றது? தடைச் செய்தியானது புரதங்களின்மீது பாஸ்பேட்டு என்னும் முத்திரையாகப் பதிக்கப்படுகின்றது. விப்1 என்னும் புரதம் அம்முத்திரைகளை நீக்குகின்றது. பிரிவினையைத் தடுத்து நிற்பது வீ1 என்னும் மற்றொரு புரதம். பி.எல்.கே.1 என்பது அதனை அழிவுக்குரியதாக்கிப் பிரிவினைக்கு வழிதிறக்கின்றது. பழுதினால் நின்ற உயிரணு மீளவும் பிரிவதற்கு இப்பி.எல்.கே.1 இன்றியமையாதது என்பதை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் 2004-இல் காட்டினர். எனவே, மீளத் தொடங்குதலும் நிறுத்துதலைப் போலவே உயிரணு முயன்று செய்யும் ஒரு செயலேயாகும்.

பழுது நீக்கவியலாததாயின், சில உயிரணுக்கள் பிரியும் ஆற்றலை என்றைக்கும் துறந்துவிடுகின்றன. சில தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. இவ்விரு முடிவுகளிலும் பி53 என்னும் புரதத்திற்குப் பெரும்பங்கு உண்டு. மனிதர்க்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் அதன் மரபணு சிதைந்து காணப்படுகின்றது. தடையை அகற்றும் விப்1 அளவிறந்து பெருகினும் கேடே விளையும். மார்பகப் புற்றுநோய்கள் சிலவற்றில் இந்நிலை காணப்பெறும்.

கரை உடைந்திருக்கையில் மதகைத் திறப்பின் வயல் அழியும். கரை செம்மையுற்ற பின்னரும் திறவாதிருப்பின் பயிர் வாடும். நிற்க வேண்டிய காலத்தில் நின்று, தொடங்க வேண்டிய காலத்தில் தொடங்கும் உயிரணுவின் ஒழுங்கே உடல்நலத்திற்கு அடிப்படையாகும்.