நோவுக்குச் சொல் வேண்டும்

'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர் நோயாளியையே முதலில் வைத்தார்; வைத்தியருக்கு இரண்டாம் இடமே தந்தார். அம்முறைவைப்பிற் பொருள் உண்டென்பது என் துணிபு. நோயுற்றவர் வாய் திறவாவிடத்து வைத்தியர் எதனைக் கொண்டு நோயை நாடுவார்?

காரணம் புலப்படாத அடிவயிற்று நோ இதற்குத் தக்க சான்று. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வைத்தியசாலைக்கு வரும் பெண்ணொருத்தி நாணத்தால் 'வயிற்றுக்குத்து' என்றமைவாளாயின் உண்மை மறைந்தே போம். குத்து, உளைவு, கடுப்பு, எரிவு எனச் சொல்வளம் நம்மிடம் உண்டன்றோ? பொருந்துவதை வீட்டிலேயே தாளில் எழுதுக. நோ எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது? மாதவிலக்கின்போது மிகுகிறதா? சிறுநீர், மலம் கழிக்கையிலும் தாம்பத்திய உறவிலும் வருத்துகிறதா?

அதன்கீழ் வினாக்களை வரைக. காரணம் கருப்பையா, குடலா, சிறுநீர்ப்பையா, தசையா? ஸ்கானில் ஒன்றுமில்லையெனில் அடுத்த சோதனை யாது? கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் வெளியே வளரும் 'எண்டோமெற்றியோசிஸ்' ஸ்கானிற் புலப்படாமலும் இருக்கலாம். கருவுறும் வயதினருள் ஏறத்தாழ 100க்கு 10 பேருக்கு அந்நோய் உண்டென்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆதலின் 'ஒன்றுமில்லை' என்பது முடிவுரையன்று. காய்ச்சலோ மயக்கமோ கடும் இரத்தப்போக்கோ கூடினாலும், கருவுற்றிருக்கையில் நோ கண்டாலும், தாள் எழுதக் காத்திராது உடனே செல்க.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்தியருக்குத் தமிழ்ச்சொல் தேடியவர் அவர். நோயுற்ற பெண்ணுக்கு அவள் சொல்லைக் கூசாது சொல்லப் பழக்குதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.