பட்டறையில் பிறந்த பந்தயக் கார்கள் – 7: கழற்றி மாட்டும் மேலுடல்

சொந்தப் பட்டறையில் பந்தயக் கார் கட்டுவோர் மேலுடலைப் பொருத்தும் முன்பு, எந்தத் தகடு பாரம் தாங்குகிறது, எது காற்றை ஒதுக்குவதோடு நின்றுவிடுகிறது என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். இரும்புக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்து எழுப்பும் 'ஸ்பேஸ் ஃப்ரேம்' என்னும் குழாய்ச் சட்டத்தில், தரைத் தகட்டையும் பக்கத் தகடுகளையும் ரிவெட் அடித்து நிலையாக இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்வது குறைகிறது; அவற்றைக் கழற்றத்தக்கவையாக்குவது சட்டத்தின் வலுவைக் கழற்றுவதாகும். 1957இல் இங்கிலாந்தில் கொலின் சாப்மன் வெளிக்கொணர்ந்த லோட்டஸ் செவன் இப்பிரிவினையைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன் அலுமினியப் பக்கங்கள் குழாயோடு ரிவெட்டால் பிணைந்திருக்க, பானெட் மட்டும் சில கொக்கிகளை விடுவித்ததும் முழுதாகக் கையோடு வந்துவிடும்.

தமிழ்நாட்டில் பட்டறையிலேயே பந்தயக் கார் கட்டும் மரபைக் கோவையின் எஸ். கரிவரதன் நிலைநாட்டினார். மாருதியின் 800 சிசி எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' ஒற்றை இருக்கைக் கார்கள், 1980களின் இறுதியிலிருந்து குறைந்த செலவில் பந்தயக்காரர்களை வளர்த்தன. 1995இல் அவர் விமான விபத்தில் இறந்த பின், கோவை செட்டிபாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரையே தாங்கியது. கையால் கட்டிய கார்கள் இங்கு பெரும்பாலும் தடத்திலேயே ஓடுவதற்கு அரசு விதியும் ஒரு காரணம்; முன்மாதிரி வாகனம் ஒவ்வொன்றும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று பெற வேண்டும் என்னும் மத்திய மோட்டார் வாகன விதி, ஒரே ஒரு கார் கட்டுபவருக்குப் பெரும் சுமையே.

மேலுடலைப் பொருத்தும் நுட்பத்துக்குச் சேலம், நாமக்கல் வட்டாரத்தார் அயலார் அல்லர். வாழப்பாடி வழியே உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளில் பல நாமக்கல்லில் பாடி கட்டியவை. பாடி கட்டுவோர் தொட்டியைச் சேசிஸோடு பற்றவைத்துவிடாமல், இடையில் மரக்கட்டையோ ரப்பரோ வைத்து யூ போல்ட்டால் இறுக்குவதற்குக் காரணம், பள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது தொட்டி விரிசல் காணக்கூடாது என்பதே. காரின் ஃபைபர் மேலுடலுக்கும் இதுவே நெறி: பிடிப்பு தளரக்கூடாது, ஆனால் சிறிது நகர இடம் வேண்டும்.

வெப்பமும் அதே இடத்தைக் கேட்கிறது. ஒரு மீட்டர் நீள அலுமினியத் தகடும் அதைத் தாங்கும் இரும்புக் குழாயும் சித்திரை வெயிலில் 40 பாகை சூடேறினால், அலுமினியம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். ஆகவே 5 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. துளையிட்டு, அகலமான வாஷரும் அதனடியில் ரப்பரும் வைப்பது நலம். ஃபைபரில் வாஷர் சிறியதாக இருந்தால், 'ஜெல்கோட்' எனப்படும் மேற்பூச்சு துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடிக்கும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது போல்ட்டின் மறுமுனையில்தான். 1.6 மி.மீ. கனமுள்ள குழாய்ச் சுவரில் மரை வெட்டினால் 5 மி.மீ. போல்ட்டுக்கு இரண்டே சுற்று மரைதான் கிடைக்கும். சில முறை கழற்றி மாட்டியதும் அது தேய்ந்துவிடும். 'ரிவெட் நட்' என்பது துளைக்குள் நுழைத்து இழுக்கும்போது பின்புறம் பிதுங்கி இறுகும் மரை கொண்ட உருளை. அது இக்குறையைத் தீர்த்தாலும், பாரம் தாங்கும் குழாயில் துளையிட்டது துளையிட்டதுதான். அத்துளை நீருக்கும் வழிவிடும், விரிசலுக்கும் வித்திடும். எனவே குழாயின்மேல் சிறு இரும்புக் காதைப் பற்றவைத்து, அதன் பின்னே நட்டைப் பதிப்பதே கூடுதல் உழைப்பானாலும் சிறந்த முறை எனலாம்.

அடிக்கடி திறக்க வேண்டிய எஞ்சின் மூடிக்கு, வில்லியம் ஜூஸ் என்பவர் 1930களில் விமானத் தகடுகளுக்காக உருவாக்கிய கால்திருப்புப் பூட்டு ஏற்றது. இதில் திருகின் அடியிலுள்ள சுருள் வெட்டு, சட்டத்திலுள்ள கம்பிவில்லைக் கவ்விக்கொள்ள, கால் சுற்றில் பூட்டு விழுகிறது. எனினும் எல்லா மூலையிலும் இதை வைப்பது வீண்செலவு. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு நிகராவதால், மூடியின் முன்விளிம்பைக் காற்று தூக்க முடியாதபடி முளைகளால் சட்டத்துக்குள் செருகி, பின்விளிம்பில் மட்டும் இரண்டு பூட்டுகள் வைத்தால் போதும். பூட்டிய நிலையில் திருகின் வெட்டு எத்திசையில் நிற்கிறதோ அத்திசையில் தகட்டின்மேல் வண்ணக்கோடு இட்டுவைத்தால், பூட்டு விழாத மூடியைத் தடத்துக்குச் செல்லும் முன்பே கண்டுகொள்ளலாம்.

(தொடரும்)