ஒரே பாயில் ஐந்து வகுப்புகள்



அதிகாலையில் தொப்பியோ முக்காடோ அணிவித்து, கையில் ஜுஸ்வைக் கொடுத்து, "ஓதிவிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பி வைக்கிறீர்கள். அதன்பின் அங்கே என்ன நடக்கிறது என்று என்றைக்கேனும் எட்டிப் பார்த்ததுண்டா? இன்று சற்று நேரம் என்னோடு வந்து அமருங்கள்.

சுபுஹுத் தொழுகை முடிந்து, காலை 6.15 மணிக்கு எங்கள் மக்தப் தொடங்குகிறது. 7.45க்கு முடித்தாக வேண்டும். 8 மணிக்குத் தெருமுனையில் பள்ளி வேன் வந்துவிடும். ஒரே அறை, ஒரே ஆசிரியன், 34 பிள்ளைகள். ஐந்து வயதுச் சிறுமியும் உண்டு. பதின்மூன்று வயதுப் பையனும் உண்டு. வயதைப் பார்த்து இங்கே வகுப்புப் பிரிப்பதில்லை. அலிஃப், பா எழுத்தறிவோர் ஒரு வரிசை. ஜபர், ஜேர், பேஷ் சொல்லி எழுத்துக் கூட்டுவோர் மறு வரிசை. அம்ம ஜுஸ்வு ஓதுவோர், குர்ஆன் ஷரீஃபைத் தொடங்கியோர், ஒருமுறை ஓதி முடித்துத் தஜ்வீத் சட்டங்களைப் பயில்வோர் என மேலும் மூன்று வரிசைகள். ஆக, ஒரே பாயில் ஐந்து வகுப்புகள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிடங்களை 34 பேருக்குப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. அதற்குள் நேற்றைய பாடத்தைக் கேட்க வேண்டும். பிழை திருத்த வேண்டும். புதிய பாடம் கொடுக்க வேண்டும். ஒருவனை நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது மற்ற 33 பேரையும் யார் பார்ப்பது?

இந்தக் கேள்வி புதியதன்று. முற்கால மதரஸாக்களில் 'முஈத்' என்றொருவர் இருந்தார். ஆசிரியர் நடத்திய பாடத்தை மாணவர்களுக்குத் திரும்பச் சொல்லி விளங்க வைப்பது அவர் பொறுப்பு. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். கல்லூரியில் நான் வரலாறு படித்தபோது அறிந்த செய்தி ஒன்று இன்றும் மனத்தில் நிற்கிறது. 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்திற்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவனிடம் அந்தப் பணியை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான்! 1797இல் இதை அவர் இலண்டனில் நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது கடல் கடந்து பரவியது.

ஆனால் பரவிய இடங்களில் நிகழ்ந்தது என்ன? ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் செலவின்றிச் சமாளிக்கலாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சியாயிற்று. சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெரிய பிள்ளை தான் என்ன கற்றான் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

இந்தத் தவற்றை நானும் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் மிகப் பொறுமைசாலி. அழும் குழந்தைகளும் அவன் அருகில் அமர்ந்தால் ஓதத் தொடங்கிவிடும். நாள்தோறும் அலிஃப், பா வரிசையை அவனிடமே விட்டுவிட்டேன். ஒரு நாள் அவன் தாயார் அவனுடைய குர்ஆன் ஷரீஃபைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார்.

"ஹஜ்ரத், தவறாக எண்ண வேண்டாம். இரண்டு மாதமாக மயிலிறகு இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. என் பிள்ளைக்கு இங்கே வேலை மட்டும்தானா? பாடம் இல்லையா?"

நான் பதில் சொல்ல இயலாமல் தலைகுனிந்தேன். அவன் ஒருநாள்கூட முறையிட்டதில்லை. அவனது பொறுமையை நான் எடுத்துச் செலவழித்திருக்கிறேன்!

அன்றிலிருந்து எங்கள் மக்தபில் மூன்று ஒழுங்குகள். சொல்லிக் கொடுக்கப் போகும் பிள்ளைக்கே முதலில் புதிய பாடம். சிறியவர்களோடு கால் மணி நேரத்திற்கு மேல் அவன் இருக்கக் கூடாது. நாளுக்கு ஒருவர் என முறை மாறிவர வேண்டும். இரவு இஷாவுக்குப் பின், இன்று யார் எந்த வரியில் நிறுத்தினார் என்று குறிப்பேட்டைச் சரிபார்க்காமல் நான் உறங்குவதில்லை.

முறையாக நடந்தால் இதில் பெரியவனுக்கும் இலாபம் உண்டு. தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஹாவையும் அடியிலிருந்து எழும் ஹாவையும் வேறுபடுத்தாமல் ஓதிவந்த மாணவி ஒருத்தி, சிறுமிக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தன் பிழையைத் தானே கண்டுகொண்டாள். நான் பத்து முறை சொல்லியும் ஏறாதது, ஒரு முறை பிறருக்குச் சொன்னபோது ஏறிவிட்டது!

மெதுவாகக் கற்கும் பிள்ளையின் நிலை வேறு. பதினொரு வயதில் எழுத்துக் கூட்டும் பையன், ஆறு வயதுக் குழந்தைகளிடையே அமர நாணுகிறான். 2022இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் சூட்டியது. அரும்பைப் பார்த்து யாரும் குறை சொல்வதில்லை அல்லவா? நாமோ, "அடுத்த வீட்டுப் பிள்ளை குர்ஆனை முடித்துவிட்டதே, நீ இன்னும் அம்ம ஜுஸ்வா?" என்று கேட்டு, அவன் வரும் பாதையையே அடைத்துவிடுகிறோம்.

பெற்றோர்களே! உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. பிள்ளை வீடு திரும்பியதும், "எத்தனை ஜுஸ்வு ஆயிற்று?" என்று கேட்காதீர்கள். "இன்று புதிதாக என்ன ஓதினாய்?" என்று கேளுங்கள். தொடர்ந்து பல நாட்கள் பதில் இல்லையென்றால், அந்தத் தாயைப் போலத் தயங்காமல் எங்களிடம் வாருங்கள். ஜமாஅத்தின் பொறுப்பில் உள்ள பெரியோர்களே! பெரிய பிள்ளைகளின் உதவி, இரண்டாவது ஆசிரியருக்கு ஈடாகாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நாளையும் 6.15க்கு அந்தப் பாய் விரிக்கப்படும். அதில் அமரும் ஒவ்வொரு பிள்ளையின் மயிலிறகும் ஒரு வரியேனும் முன்னே நகர, வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.